நாலு பேரும் சமாதானமாகக் கூடாது

நான்கு வல்லரசுகளும் எங்கே சமாதானமாகிவிடுமோ என்ற பயத்தில் பூபாலசிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“உலகத்திலை எல்லாரும் சமாதானம் வேணும் எண்டு கும்பிடுகினம். சண்டை வேணும் எண்டு கும்பிடுகிற ஆள் நீர் ஒருத்தர்தான்” என்றான் ஞானேந்திரன். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவன். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நால்வர் சேர்ந்து எடுத்திருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஆங்கிலப் பேப்பர் வாசித்துச் சொல்வது அவன் வேலை.

“பேப்பர்ல என்ன போட்டிருக்கு? அதச் சொல்லுங்க.”

“பேர்லின் ஓட்டையை அடைக்க வேணுமாம். அகதியள் கூடிப்போச்சாம். கதைச்சுக்கொண்டிருக்கிறாங்கள்.”

“யார் யாரோட?”

“எல்லாரும் எல்லாரோடையும்.”

பூபாலசிங்கம் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சப்பாத்தைத் தேடினான்.

அது 1986ஆம் ஆண்டு ஆவணி, ஆகஸ்ட் மாதம். இரண்டு வருடங்களுக்கு முன் அவனும் அந்த ஓட்டையால் வந்தவன்தான். கிழக்குப் பேர்லினில் விமானத்தால் இறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்குப் பேர்லினில் இறங்கினான். அந்தப் பக்கம் கடவுச்சீட்டைக் கேட்க ஒரு நாய்கூட நிற்கவில்லை. யாராவது வந்து பிடிப்பார்கள் என்று வெகுநேரம் மேடையிலேயே நின்றான். ஒருவரும் வராதது அவனுக்குச் சற்று அவமானமாகக்கூட இருந்தது.

இப்போது அதே வழியால் புஷ்பவதி வர வேண்டும். கலியாணம் முடித்து மூன்று மாதம் மட்டுமே சேர்ந்திருந்த மனைவி. மேற்குப் பேர்லினுக்கு வந்துவிட்டால் அங்கிருந்து மொன்றியலுக்கு ஏற்றிவிட ஆள் இருந்தது. எல்லா ஒழுங்கையும் செய்தது கொழும்பில் இருந்த அவளுடைய மாமா அருமைராசா. வெள்ளவத்தையில் சின்னக் கடை வைத்திருந்த அவரிடம்தான் டெலிபோன் இருந்தது. கடிதம் எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பூபாலசிங்கம் கடிதத்தை நிறுத்திப் பல மாதங்களாகிவிட்டன. ஆகவே புருஷன் பெண்சாதிக்கு இடையில் இருந்தது மாமாவின் வாய் ஒன்றுதான். இரண்டு வருடத்தில் ஒரேயொரு தடவை புஷ்பவதி லைனில் வந்தாள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். அவன் ஓம் என்பதற்குள் லைன் அறுந்துபோனது. அந்த ஒற்றைச் சொல்லை அவன் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேட்பான். வரவர அது தன் குரலிலேயே கேட்கத் தொடங்கியதுதான் அவனுக்குக் கவலை.

வேலை டோர்வல் விமான நிலையத்தில். இரவில் விமானங்களுக்குள் ஏறித் துப்புரவு செய்வது. கடல் கடந்து வரும் விமானங்கள் எல்லாம் தொலைவில் மிராபெல்லில்தான் இறங்கும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் டொரொண்டோவில் இருந்து வந்த விமானத்தின் கதவு திறக்கும்போதும் கையில் விளக்குமாற்றோடு நின்று, இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்ப்பான்.

கீழே மூலையில் மொசியே றொஜேயின் டெப்பனர் இருந்தது. பாலும் பாணும் சிகரெட்டும் விற்கும் கடை. றொஜே இளவயதில் கனேடியப் படையோடு பேர்லினுக்குப் போனவர்.

“மொசியே, அந்த நாலு நாடும் சமாதானமாயிருமா?” பூபாலசிங்கம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டான்.

கிழவர் சிரித்தார். “இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கோடையில் நான் அங்கே ஒரு கேணலுக்குக் கார் ஓட்டினேன். நாலு பேரும் சேர்ந்து ஜெர்மனியை ஆள்வதாக ஏற்பாடு. நாலு பேரும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். அமெரிக்கன் ஆம் என்பான். ஆங்கிலேயன் பார்ப்போம் என்பான். ரஷ்யன் நாளைக்குச் சொல்கிறேன் என்பான். பிரெஞ்சுக்காரன் கேள்வியைக் கேட்க முந்தியே இல்லை என்பான்.”

“எங்களோட வீட்டில இருக்கிற வலன்ரைன் மாதிரி. அவரும் எதுக்கும் ஏலாது எண்டுதான் சொல்லுவார்.”

“கடிகாரத்தில்கூட ஒத்துப்போகவில்லை. ரஷ்யர் ஊரையே மொஸ்கோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் ரஷ்யன் கூட்டத்தை விட்டு எழும்பிப் போனான். இன்னும் திரும்பி வரவில்லை.”

“அப்ப அந்த ஓட்டை?”

“மேற்கே இருக்கிற மூன்று பேரும், பேர்லின் ஒரே நகரம், நடுவில் எல்லையே கிடையாது என்கிறார்கள். எல்லை இல்லாத இடத்தில் பாஸ்போர்ட் பார்க்க ஆள் நிறுத்த முடியுமா? நிறுத்தினால் ரஷ்யன் சொன்னதை ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் உங்கள் ஆட்கள் நடந்து வருகிறார்கள்.”

“ஒத்துக்கொண்டா?”

“அடுத்த நாளே பூட்டு.”

பூபாலசிங்கம் அங்கேயே, றொஜேயின் டெலிபோனில் கொழும்புக்கு எடுத்தான். மொன்றியலில் காலை, கொழும்பில் பின்னேரம். மாமா கடையில் இருக்கும் நேரம்.

“மாமா, கவனமாக் கேளுங்க. போன்ல ஊர்ப் பேர், நாட்டுப் பேர் ஒண்டும் சொல்லப்படாது. கேட்டுக்கொண்டிருப்பானுகள். விளங்குதா?”

“விளங்குது மருமகன்.”

“நாலு அண்ணன் தம்பி ஒரு வளவுக் காணிக்குச் சண்டை பிடிக்கிறாங்க. அவங்க சமாதானமாக முந்திப் புஷ்பவதியை அனுப்பிப்போடுங்க.”

“சண்டை நடக்கக்குள்ளயா அனுப்புற?”

“ஓம் மாமா, சண்டை நடக்கக்குள்ளதான்! சமாதானமாயிட்டா எல்லாம் பாழ்!”

லைன் அறுந்தது. மாமாவுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை என்று பூபாலசிங்கம் நினைத்துக்கொண்டான். புஷ்பவதி கணக்கு ரீச்சர். சொன்னால் பிடித்துக்கொள்வாள்.

அன்றே அவன் வீட்டில் இன்னொரு வேலையும் தொடங்கினான். மனைவி வந்தால் இருவருக்கும் முன்னறை வேண்டும். ஞானேந்திரன் சரி என்றான். சமையல் பொறுப்பில் இருந்த தேவதாசன், “அக்கா வந்தால் நான் ஒருநாளாவது இருந்து சாப்பிடுவன்” என்று சந்தோசப்பட்டான். முன்னறையில் படுப்பது வலன்ரைன்.

“ஏலாது” என்றான் வலன்ரைன். “எனக்கு வெளிச்சம் வேணும்.”

“நீர் பகல் முழுக்க வேலையில. ராவில என்ன வெளிச்சம்?”

“ரோட்டு லைற் வெளிச்சம்.”

இந்த வீட்டில் நால்வரும் ஒத்துக்கொண்டால்தான் எதையும் மாற்றலாம் என்று, வந்த புதிதில் சமத்துவ வெறியில் பேசி வைத்திருந்தார்கள். ஆகவே விஷயம் அப்படியே நின்றது.

புரட்டாதி பிறந்ததும் பூபாலசிங்கம் மறுபடியும் எடுத்தான்.

“மாமா! நாலு பேரும் இன்னும் சண்டைதான்! நல்ல சேதி!”

“நல்ல சேதியா?” மாமாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. “புள்ள படுவான்கரைக்குப் போயிட்டா மருமகன். சுகமாப் போய்ச் சேந்திட்டா.”

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் எழுவான்கரை. மேற்கே அது படும் படுவான்கரை. புஷ்பவதியின் தாய்வீடு அங்கேதான். அதிரடிப்படை இன்று வரும், நாளை வரும் என்று சனம் காட்டுக்குள் படுத்தெழும்பும் இடம்.

“அங்க ஏன் போனவ? உடன கிளம்பி வரச் சொல்லுங்க!”

“வரமாட்டாவாம். சண்டை முடிஞ்ச பிறகுதான் வருவாவாம்.”

“சண்டை முடிஞ்ச பிறகா?”

“நான் எவ்வளவோ சொல்லிப் பாத்திட்டன். ஒரே பிடி.”

லைன் அறுந்த பிறகும் அவன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாட்டில் நடக்கும் சண்டை முடிந்த பிறகா? அது எந்தக் காலத்தில் முடிந்து, அவள் எந்தக் காலத்தில் வருவது? றொஜே ஒரு கோப்பி ஊற்றி அவன் முன்னால் வைத்தார். கண்ணாடிக்கு வெளியே ஒரு கிரேக்கப் பெண் தன் புருஷனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு போனாள். ஏச்சு வாங்க அருகில் ஆள் இருப்பதும் ஒரு கொடுப்பினைதான் என்று பூபாலசிங்கத்துக்குத் தோன்றியது.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு மறுபடி எடுத்தான்.

“மாமா, இந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது. அது முடியும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேணாம் எண்டு அவட்டச் சொல்லுங்க!”

“அப்பிடி விடலாமா மருமகன்? இளம் புள்ள. எவ்வளவு நாளைக்கு அங்க தனிய இருக்கிற? நான் ஒரு ஆளைப் பிடிச்சிருக்கன். ஞாயிற்றுக்கிழமை வருவார். சமாதானம் பண்ணி வெப்பார்.”

“யார் வாற? யாருக்குச் சமாதானம்?”

லைன் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கதவு தட்டப்பட்டது. வாசலில் சவிரிமுத்தர் நின்றார். மன்னார்க்காரர், தேவாலயத்தில் எல்லோருக்கும் பெரியவர், பாரிய உடம்பு. மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கியது.

“கொழும்பிலை என்ரை மைத்துனற்றை கடையும் அருமைராசாற்றை கடையும் பக்கத்துப் பக்கம். எல்லாம் கேள்விப்பட்டன். நாலு பேரும் வளவுக்கு அடிபடுறியளாம். அந்நிய நாட்டிலை வந்து இப்பிடிச் செய்யலாமோ, தம்பியவை?”

பூபாலசிங்கம், “தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறம் ஐயா” என்று சொல்லி மற்ற மூவரையும் குசினிக்குள் இழுத்துப் போனான்.

“நான் நாலு அண்ணன் தம்பி எண்டு சொன்னத மாமா எங்களையெண்டு நினைச்சிட்டார்.”

“அப்ப இவருக்கு உண்மையைச் சொல்லிப்போட்டு அனுப்புவம்” என்றான் தேவதாசன்.

“வேணாம்! இவர் போய் அதக் கொழும்புக்குப் போன்ல விளக்கமாச் சொல்லுவார். ஓட்டை, பேர்லின் எல்லாம் வெளியில வந்திடும்.”

“அப்ப நாங்கள் சமாதானமாகிட்டம் எண்டு சொல்லுவம்.”

“ஐயோ! அது இன்னும் மோசம். அந்தச் சேதி மாமா வழியா புஷ்பவதிக்குப் போகும். அவள் கெட்டிக்காரி, என்ட கதை அவளுக்கு விளங்கியிருக்கும். சமாதானம் எண்டா பாதை பூட்டிற்று எண்டு நினைச்சுப் படுவான்கரையிலயே இருந்திடுவாள். தயவுசெய்து அவருக்கு முன்னால கொஞ்சம் சண்டை பிடியுங்க.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தேத்தண்ணியோடு வெளியே வந்தார்கள்.

“சரி, அந்த வளவு எங்கை இருக்குது?” என்று சவிரிமுத்தர் தொடங்கினார்.

ஞானேந்திரன் தொண்டையைச் செருமினான். “நடுவிலை ஒரு மதில் இருக்குது ஐயா.”

“மதிலை ஆர் கட்டினது?”

“கிழக்குப் பக்கத்துக்காரர்.”

“அப்ப பிரச்சினை அவ்வளவுதானே! எல்லாருமாச் சேர்ந்து மதிலை இடிச்சு விடுங்கோவன்.”

“மதில இடிக்கப்படாது!” என்று பூபாலசிங்கம் பதறினான். “இடிச்சா எல்லாரும் ஒண்டாயிடுவாங்க!”

சவிரிமுத்தர் அவனை விசித்திரமாகப் பார்த்தார். “உமக்கு ஒற்றுமையே பிடிக்காதோ தம்பி? எழும்புங்கோ எல்லாரும். கையைக் குடுங்கோ. மிச்சத்தைப் பேந்து பாப்பம்.”

தேவதாசன் பழக்கதோசத்தில் கையை நீட்டிவிட்டான். பூபாலசிங்கம் மேசைக்குக் கீழே வலன்ரைனின் காலை மிதித்தான். வலன்ரைன் எழுந்து நின்றான்.

“நான் கை குடுக்க மாட்டன்.”

பூபாலசிங்கத்தின் மனம் குளிர்ந்தது. மறுப்பதற்கென்றே பிறந்த மனிதன்.

“ஏன் தம்பி?”

வலன்ரைனுக்குக் காரணம் எதுவும் தயாராக இல்லை. சுற்றிலும் பார்த்தான். “இவர் தேவதாசன் ஒவ்வொரு நாளும் கறிக்கு உப்பைக் கூடப் போடுறார்.”

“என்ன?” தேவதாசன் நீட்டிய கையை எடுத்துவிட்டான். “இவ்வளவு நாளும் வழிச்சு வழிச்சுத் திண்டிட்டு இப்ப உப்போ?”

“நடிப்பு, நடிப்பு” என்று பூபாலசிங்கம் கிசுகிசுத்தான்.

“இது நடிப்பில்லை” என்று தேவதாசன் வலன்ரைன் பக்கம் திரும்பினான். “என்ரை கறியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேலாது. நீர் உம்மடை ஈரக் காலுறையை ஹீற்றரிலை காயப்போடுறீரே, அந்த மணத்துக்குள்ளை சமைக்கிறவன் நான்!”

“மற்றது, ராவிலை விடுகிற குறட்டை” என்று ஞானேந்திரன் சேர்ந்துகொண்டான்.

“குறட்டையோ? நீர் கழிப்பறைக்குள்ளை பேப்பரோடை போனால் நாங்கள் மூண்டு பேரும் வேலைக்குப் பிந்திப் போறம்! உமக்கென்ன கச்சேரியோ நடக்குது உள்ளுக்கை?” என்று வலன்ரைன் அவன் மேல் பாய்ந்தான்.

“எனக்கு முன்னறை தரமாட்டன் எண்டவரும் இவர்தான்!” என்று பூபாலசிங்கம் தன்னை அறியாமல் கத்தினான். “ரோட்டு லைற் வேணுமாம்! என்ட பொஞ்சாதியை விட இவருக்கு ரோட்டு லைற் பெரிசு!”

சோற்றுப் பானை எப்படி விழுந்தது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சவிரிமுத்தர் தொப்பியில் இருந்த சோற்றைத் தட்டிவிட்டு எழுந்தார். “அருமைராசா சொன்னது காற்பங்குதான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கே கொழும்புக்கு அறிவித்தும்விட்டார்.

நடிப்பதற்குத்தான் தொடங்கினார்கள். நிறுத்தத்தான் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான்கு சோற்றுப் பானைகள் கொதித்தன. குளிர்சாதனப் பெட்டியில் நாலு தட்டு, நாலு பால் போத்தல். எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு விலகினார்கள். ஞானேந்திரன் பேப்பரைச் சத்தமின்றி வாசித்தான். பூபாலசிங்கம் வேலையால் வந்து, தான் ஆக்கிய பச்சைத்தண்ணிக் கறியை நின்றபடியே தின்றான். சாப்பிட்டீங்களா என்று கேட்க இப்போது இந்தக் கரையிலும் ஆள் இல்லை.

அந்த மாதம் முடிய முந்தி ஒருநாள் காலை, ஞானேந்திரன் அவன் கட்டிலருகே வந்து நின்றான். கையில் பேப்பர்.

“பூபாலசிங்கம், நான் உம்மோடை கதைக்கக்கூடாது எண்டுதான் இருந்தனான்.”

“என்ன?”

“ஐப்பசி, அதுதான் ஒக்ரோபர், முதலாந் திகதியிலையிருந்து பூட்டாம். போற நாட்டுக்கு விசா இல்லாமல் கிழக்குப் பேர்லினிலை இறங்கேலாது.”

பூபாலசிங்கம் எழுந்து டெப்பனருக்கு ஓடினான். “மொசியே, அவங்க சமாதானமாயிட்டாங்களா?”

“இல்லை” என்றார் றொஜே வருத்தத்தோடு. “நாலு பேரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கிழக்குப் பக்கத்துக்காரன் தானாகவே விசா கேட்கத் தொடங்கிவிட்டான். சண்டை அப்படியேதான் இருக்கிறது. ஓட்டைதான் போய்விட்டது.”

அவன் திரும்பி மாடி ஏறி வந்து கதவோரத்தில் அப்படியே இருந்துவிட்டான். அழவில்லை. ஒரு சப்பாத்தைக் கழற்றினான். மற்றதைக் கழற்ற மறந்துபோனான்.

சற்று நேரத்தில் தேவதாசன் ஒரு கோப்பையில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தான். “உப்புப் பாத்துத்தான் போட்டனான்” என்றான். ஞானேந்திரன் வந்து பக்கத்தில் இருந்தான். முன்னறையில் இருந்து ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. வலன்ரைன் தன் மெத்தையை நடைவழியால் இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

“என்ன செய்றீர்?”

“நான் குசினிக்குள்ளை படுக்கிறன். அறை உமக்கு. அவ எப்ப வந்தாலும் வரட்டும். வருசம் போனாலும் வரட்டும். அறை அப்பிடியே இருக்கும்.” வலன்ரைன் மெத்தையைச் சுவரில் சாய்த்தான். “ஆராவது ஏலாது எண்டு சொல்லுறியளோ?”

ஒருவரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நால்வரும் ஒருமனதாகச் செய்த முதல் தீர்மானம் அதுதான். அதற்குப் பிறகுதான் பூபாலசிங்கத்துக்கு அழுகை வந்தது.

நால்வருமாகத்தான் டெப்பனருக்குப் போனார்கள். றொஜே டெலிபோனை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு ரேடியோவை நிறுத்தினார். எண்களை வலன்ரைன் சுழற்றினான்.

“மருமகனா? சொல்லுங்க.”

எப்படிச் சொல்வது? இனி நீ வர வழியில்லை, படுவான்கரையிலேயே கவனமாக இரு என்பதை, ஊர்ப் பேர் இல்லாமல், அவளுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது? அவனிடம் இருந்தது அந்த ஒரு வசனம்தான். தேவதாசன் அவன் தோளில் கை வைத்தான்.

“மாமா, புஷ்பவதிட்டச் சொல்லுங்க. நாலு பேரும் சமாதானமாயிட்டாங்க.”

மறுமுனையில் ஏதோ கவிழ்ந்து உருண்டது. பிறகு மாமா, ஊர்ப் பேர் சொல்லப்படாது என்பதையும் மறந்து, கடைத்தெருவே கேட்கக் கத்தினார்:

“அப்பாடா! இந்த ஒரு சொல்லைக் கேக்கத்தானே மருமகன், நாலு ஆம்பிளையள் அடிபடுற வீட்டுக்கு வரமாட்டன் எண்டு, புள்ள ஒரு மாசமா பேர்லின்ட படுவான்கரையில பெட்டியக் கட்டி வெச்சிக்கொண்டு காத்திருக்கா!”